பேக்கரியின் தலையில் எலி

“பக்கத்து ரூம்னா, யாருக்குப் பக்கத்து ரூம்? உனக்கா, எனக்கா?”

இப்படிக் கேட்டபோது குட்டிக்கு ஐந்து வயது. விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்து, கத்தரிக்கோல் எங்கே என்று அம்மாவைக் கேட்டாள். கைவேலையாக இருந்த அம்மா, மகள் வேறொரு வீட்டில் நிற்கிறாள் என்பதையே மறந்து, “பக்கத்து ரூம்ல, மேல் டிராயர்ல இருக்கும், பாரு” என்று சொல்லிவிட்டாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி. குடும்பமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. குட்டியின் அப்பாவும் சிரித்தார். சிரித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டியவர் அவர்தான். கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சைட்காரர்’. அந்தத் தளங்களை வைக்க, எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் பலரும் சேர்ந்து வாடகைக்கு இடம் பிடித்திருந்தார்கள். அதில் இவருக்கும் ஒரு பகுதி. அதற்குள் கடைக்கு ஒரு ஃபோல்டர். முதல் ஃபோல்டர், பூச்சி மருந்து அடிக்கும் எலி அண்ணனுடையது. அடுத்தது பேக்கரி அக்காவுடையது. பக்கத்தின் உச்சியில் வரும் பெயர்ப்பலகையைத் தனி ஃபைலாக எழுதி, கடையின் எல்லாப் பக்கங்களும் அதையே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார். அந்த ஃபைலுக்கு எல்லாக் கடைகளிலும் ஒரே பெயர்தான்: தலை. “வேற வேற பேரு வெச்சா எனக்கு ஞாபகம் இருக்காது” என்பார்.

ஒரு நாள் காலை, வாடகைக்கு விட்ட கம்பெனி எல்லோரையும் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டது. பழைய முகவரியில் தலையைத் தேடிப் போன பக்கங்கள் எல்லாம் கையை விரித்தன. தெருவில் ஒரு கடைக்கும் தலை இல்லை.

அதே காலையில்தான் ஆஸ்பத்திரி கேன்டீன் மேனேஜர் பேக்கரியின் தளத்தைப் பார்ப்பதாக இருந்தது. பார்த்துப் பிடித்தால் தினசரி ரொட்டி ஆர்டர். இல்லையென்றால் அக்கா இரண்டாவது அடுப்பை அணைத்துவிட்டு, அதில் வேலை செய்யும் சகோதரிகள் இருவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று அவர் மாவு பிசையும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிறுத்திவிடுவார்.

இது சைட்காரருக்கும் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டார். ‘தலையை எடுத்து வா, இந்த ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடு’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் உத்தரவை எழுதினார். வரிசையில் முதலில் நின்றது எலி அண்ணன். கம்ப்யூட்டரோ, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. முதல் ஃபோல்டரிலேயே தலை என்று ஒன்று கிடைத்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. யாருடைய தலை என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவும் இல்லை.

சைட்காரர் எலி அண்ணனின் தளத்தைத் திறந்தார். தலை இருந்தது. “அப்ப எல்லாருக்கும் வந்திருக்கும்” என்று டீயும் கையுமாக உட்கார்ந்தார்.

போன் அடித்தது. பேக்கரி அக்கா.

“தம்பி, என் கடையில எலி வந்திருச்சு!”

“அய்யோ! எலி அண்ணனைக் கூப்பிடுங்கக்கா.”

“அந்த ஆளுதான்பா வந்திருக்காரு! என் தலையில ஏறி உக்காந்திருக்காரு!”

சைட்காரர் பேக்கரியின் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் முகமூடி மாட்டிக்கொண்டு, மருந்துக் குழாயைத் துப்பாக்கி போல் நீட்டியபடி எலி அண்ணன். ‘எலியா? கரப்பானா? ஒரே போன், எல்லாம் காலி!’ அதன் கீழே அவர் போன் நம்பர். அதற்கும் கீழே, ‘இன்று காலை எங்கள் கையால் செய்தவை’ என்று சாக்லேட் கேக். இரண்டுக்கும் நடுவில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது.

மனைவி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் கேக்கு மேல தூவியிருக்கிறது சாக்லேட்டுதான்னு இனிமே யாரு நம்புவாங்க?”

“சிரிக்காத. அக்கா பொழப்பும்மா.”

“நான் எங்க சிரிச்சேன்? அந்தக் கரப்பான்தான் சிரிக்குது.”

சைட்காரர் பொது உத்தரவை அழித்தார். பேக்கரியின் எல்லாப் பக்கங்களும் முதலில் படிக்கும் ஃபைல் ஒன்று உண்டு. அதில், ‘ஒரு படி மேலே ஏறித் தலையை எடு’ என்று எழுதினார். ஒரு ஃபோல்டரை விட்டு வெளியே வருவது ஒரு படி. முகப்புப் பக்கத்துக்குத் தலை சரியாக வந்தது. ஆர்டர் பக்கத்துக்கு வரவில்லை. அது இன்னும் ஒரு ஃபோல்டர் உள்ளே இருந்தது. ‘இரண்டு படி மேலே’ என்று மாற்றினார். ஆர்டர் பக்கத்துக்கு வந்தது, முகப்பில் காணாமல் போய்விட்டது. திரும்ப மாற்றினார். திரும்பப் போனது. டீயில் ஆடை படிந்தது.

“ஒரு படி மேலன்னு எழுதினா அதுக்கு ஏன்தான் புரியலையோ!” என்று மேஜையைத் தட்டினார்.

“யாருக்கு ஒரு படி மேல?” என்றாள் மனைவி. “உங்களுக்கா, அதுக்கா? நம்ம குட்டி கேட்டாளே, அந்த மாதிரி.”

சைட்காரர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். உத்தரவு எழுதியிருக்கும் இடத்திலிருந்து படி எண்ணும் என்று இவர் நினைத்திருந்தார். அதுவோ, வாடிக்கையாளர் திறந்த பக்கம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. சித்தி வீட்டில் நிற்கும் பிள்ளைக்கு இவர் தன் வீட்டு அறையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

‘யார் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி, இந்த ஃபைல் இருக்கும் இடத்திலிருந்தே எண்ணு’ என்று திருத்தினார். எல்லாப் பக்கங்களுக்கும் அக்காவின் தலையே வந்தது.

“சரியாயிடுச்சுக்கா!”

“அதுக்குள்ள அவரு பார்த்திருப்பாரோ, தம்பி?”

மற்ற கடைகளுக்கும் அதே வரியை எழுத வேண்டும் என்று சொல்லி சைட்காரர் நழுவினார். போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, மேனேஜர் பார்த்திருக்கக் கூடாது என்று கடவுளிடம் சொன்னார். பிறகு, கடவுளையும் அவசரப்படுத்தக் கூடாது என்று தோன்றியதால் மெதுவாக இன்னொரு முறை சொன்னார்.

மதியம் ஆர்டர் வந்துவிட்டது. அக்கா இரண்டாவது அடுப்பின் முன் நின்று அந்தச் சகோதரிகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மாலை சைட்காரர் வீட்டுக்கு ஒரு பெரிய கேக் வந்தது. “சரியான நேரத்துல பிடிச்சேன் பாத்தியா?” என்று அவர் மார்தட்டிக்கொண்டார். மனைவி கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவருக்குக் கொடுத்தாள். காலையெல்லாம் பயந்தவர் மாலையில் கொஞ்சம் பெருமைப்பட்டால் அதற்கு இடம் கொடுப்பதும் ஒரு தர்மம்தான்.

ஆனால் மேனேஜர் காலையிலேயே பார்த்துவிட்டார். பார்த்து, உச்சியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டும் விட்டார்.

எலி அண்ணன் அப்போது, ஆட்கள் வெளியே போயிருந்த ஒரு வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாயில் டார்ச். அதை எடுத்துவிட்டுப் பேசினார்.

“பேக்கரிங்களா?” என்றது மறுமுனை.

“எலி மருந்துங்க.”

“ஆஸ்பத்திரி கேன்டீன்லேருந்து பேசறேன். கேக்குக்கு மேல கரப்பான் படம் போட்டிருக்கு. அந்தக் கடையில அவ்வளவு பூச்சியா?”

எலி அண்ணனுக்கு விஷயம் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு அவர் காத்திருக்கவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் அவர் சட்டையில் மருந்து நாற்றம் அடிக்கும். டீக்கடையில்கூட, “அப்படி வெளிய நில்லுப்பா” என்பார்கள். பேக்கரி அக்காதான் ஒரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, சூடான பன்னைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் தின்று முடிக்கும்வரை, மற்றவர்கள் முகம் சுளிக்காதபடி, பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அது அன்றைக்கே மறந்திருக்கும். இவருக்கு மறக்கவில்லை.

“சார், சைட் பண்றவரு என் போர்டை அங்க மாத்தி ஒட்டிட்டாரு போல. நான் வேற, அந்தக் கடை வேற. ஆனா ஒண்ணு சொல்றேன். மாசாமாசம் அங்க போயி அடுப்புக்குப் பின்னால வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாக்கறவன் நான். ஒரு நாளும் எனக்கு அங்க வேலை கிடைச்சதில்ல. எல்லாக் கடையும் அப்படி இருந்தா நான் தொழிலை விட்டுட்டு வேற வழிதான் பாக்கணும்.”

மறுமுனையில் மேனேஜர் சிரித்தார்.

“அக்கா நம்பர் தரேன், எழுதிக்கங்க. நான் பேசினேன்னு மட்டும் சொல்லாதீங்க சார். பாவம், சங்கடப்படுவாங்க.”

நம்பரைச் சொல்லி போனை வைத்தார். தொட்டிக்கு அடியில் இருட்டாக இருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு டார்ச்சைச் சட்டையில் துடைத்து, மறுபடி வாயில் கவ்விக்கொண்டு, சுவர் ஓரமாக இன்னும் உள்ளே ஊர்ந்து போனார்.