நெற்றியில் வந்த சர்ப்பம்

புட்டதாயிக்கு எச்சில் என்றாலே குமட்டிக்கொண்டு வரும். பெற்ற மகள் கடித்த மாம்பழத்தைக்கூடத் தொடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளின் நெற்றியில் கெம்பக்கா இரண்டு நாளாகத் துப்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறன்று புருவத்துக்கு மேல் எரிந்தது. திங்கள் விடிந்ததும் வலப்பக்கம் மட்டும் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள். ராமநகரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும், அது சர்ப்பம் என்கிற அக்கி. அதற்குக் கெம்பக்காதான் வைத்தியம். பச்சிலையை வெற்றிலையோடு மென்று, எதையோ முணுமுணுத்து, கொப்புளத்தின் மேல் துப்பி, சுற்றிலும் காவி பூசுவாள். மூன்று நாள் கழுவக்கூடாது.

"இடுப்புல வந்தாதான் பயம். சுத்தி வந்து தலையும் வாலும் சேர்ந்தா ஆள் காலி" என்றான் புருஷன் போரய்யா. "உனக்கு நெத்தியில. அது எங்க போய்ச் சுத்தும்? அதுக்கே தலை சுத்திடும்."

"உன் மூஞ்சியில துப்பட்டும், அப்புறம் சிரி."

பட்டுக்கூடு வேகும் தொட்டியில் மயிரிழை போன்ற நூல்முனையைத் தேடி எடுப்பவள் அவள். இருபது வருஷமாக அந்தக் கண்ணால்தான் வீட்டில் சோறு. புழு வேகும் நாற்றம் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்தக் காய்ந்த எச்சில் நாற்றம்தான் தாங்கவில்லை. அதன் வெடிப்பில் நீர் கசிந்தது, ஈ உட்கார்ந்தது. புதன்கிழமை மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் கிளம்பி, வலது இமை வீங்கி மூடிக்கொண்டது.

கெம்பக்கா வந்து குனிந்தாள். முந்தின இரண்டு நாளும் அருவருப்பில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள் புட்டதாயி. இன்று இடது கண்ணைத் திறந்து பார்த்தாள். கெம்பக்காவின் ஒரு கண் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"அக்கா, உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கும் இதேதான் தங்கச்சி, நெத்தியில வந்துச்சு. என் மாமியார் துப்பினா. சுத்தமா போயிடுச்சு பாரு, தழும்புகூட இல்ல. கண்ணு மட்டும் அப்புறமா தானா மங்கிடுச்சு."

புட்டதாயி அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டரம்மா பஞ்சை நனைத்துத் துடைத்தாள். "என்னம்மா பூசினீங்க?"

"எச்சில்." சொல்லவே கூசியது.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"ஏழு வயசுல."

"அந்தக் கிருமிதான். போகாம நரம்புக்குள்ளயே தூங்கிட்டு இருந்திருக்கு, இப்ப எழுந்திருச்சு. மூக்கு நுனிக்கு வந்தா கண்ணுக்கும் போகலாம். நல்லவேளை, மூணாவது நாளே வந்தீங்க. தினம் அஞ்சு வேளை மாத்திரை, ஏழு நாளைக்கு. கண் டாக்டரை இன்னிக்கே பாருங்க. கொப்புளம் காயற வரைக்கும் கைக்குழந்தைகிட்டயும் மாசமா இருக்கறவங்ககிட்டயும் போகாதீங்க."

நாற்பது வருஷம்! கூட்டுக்குள் புழு மாதிரி தன் உடம்புக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. உள்ளே கையை விட்டுப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. தலை வாரினால் நெற்றி இன்னும் சுரீரென்றது, அதற்கும் மாத்திரை இருந்தது. கண் பிழைத்தது. தொட்டியில் நூல்முனை பழையபடி அகப்பட்டது.

"கெம்பக்கா கை ராசி!" என்றான் போரய்யா. "ஒரு புடவை எடுத்துக் குடுக்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கெம்பக்காவே வந்து நின்றாள். அடுத்த தெருவில் யாருக்கோ சர்ப்பமாம். மென்றுகொண்டே வந்தவள், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "பாத்தியா தங்கச்சி, போயிடுச்சு இல்ல?"

புட்டதாயிக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்க எச்சில்ல போகல. மாத்திரை தின்னேன், கண்ணுல மருந்து விட்டேன். அதான் கண்ணு இருக்கு."

கெம்பக்காவின் தாடை நின்றது.

"இதுக்கு மாத்திரை இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு வந்தப்பவும் இருந்திருக்குமா?"

கெம்பக்கா அங்குமிங்கும் பார்த்தாள். வாயில் இருந்ததை எங்கே துப்புவதென்று தெரியாமல் விழுங்கிவிட்டாள்.