முத்துப் பூச்சு

நாற்பத்தொரு மணி நேரமாகச் சாரல் விழவில்லை. மணிக்கு ஒரு கோடாகக் கொட்டகைச் சுவரில் கரியால் போட்டு வந்தேன். நான் தூங்கிய நேரத்துக்கு, கைப்பிள்ளையோடு விழித்துக் கிடந்த மதினியிடம் கேட்டுக் கோடுகளைச் சேர்த்துக்கொண்டேன். ஆடி மாதத்தில் மேலகரத்தில் இப்படி ஓர் இடைவெளி கிடைப்பது அபூர்வம். குற்றாலத்து மலை அடி முதல் உச்சி வரை தெரிந்தது. நாற்பத்திரண்டாவது கோட்டைப் போடப் போனபோது அண்ணன் சொரிமுத்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டகைத் தரையில் வீசி ஊற்றினான்.

"அண்ணே, தண்ணி ஊத்தாத."

"தூசி அடங்கணும்லாட்டி. மதுரையில ஆறு வருசம் இப்படித்தான் அடிச்சேன்."

"மதுரையில சாரல் கிடையாது. இங்கன காத்துலயே ஈரம் கெடக்கு. தரையிலயும் ஈரம் ஏத்துனா பெயின்ட் வெளுத்துப் போவும்."

"கேட்டியா ரெங்கம்மா, பி.எஸ்சி. உத்தரவு போடுது" என்று மதினியைப் பார்த்துச் சிரித்தான். "நீ மிதி."

மதினி காற்றுப் பம்பை மிதிக்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த அந்தத் தகரக் கொட்டகைதான் அண்ணனின் பட்டறை. ஒரு மோரிஸ் காரின் நான்கு கதவுகளும் மட்கார்டுகளும் பானெட்டும் கழற்றப்பட்டு, மாட்டுவண்டியில் வந்து, வெள்ளை அடிப்பூச்சோடு மரச்சட்டங்களில் சாய்ந்து நின்றன. அண்ணனுக்கு நல்ல கை. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஸ்ப்ரே கன்னைக் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வேகத்தில் கொண்டுபோனான். கதவு முத்தின் நிறத்துக்கு வந்தது. பத்து நிமிடத்தில் திருநீறு பூசியதுபோல் வெளுத்துப்போனது.

பெயின்ட்டை இளக்கக் கலந்த தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிரும். குளிர்ந்த தகரத்தில் காற்றின் ஈரம் பனியாக இறங்கும். வேறொன்றும் இல்லை. நான் இதைத்தான் சொன்னேன்.

அண்ணன் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ கலக்குனதுலதான் என்னவோ தப்பு."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது. கரிக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். மாலையில் சாரல் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

கார் நாறும்பூநாத பிள்ளையுடையது. அவருக்குத் தென்காசியில் வயல்கள், குற்றாலத்தில் ஒரு பங்களா. பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம்; அதற்குள் கார் முத்து நிறமாக வேண்டும். அந்தப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை வேலை காலியாக இருந்தது. நான் பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்துத் தேறி ஓர் ஆண்டு ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்டு ஏழு வாரம் ஆகியும் பதில் இல்லை. அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த தையில் எனக்கும் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை யாரென்று மட்டும் முடிவாகவில்லை.

முத்து நிறம் என் வேலை. போலி முத்து மணிகளுக்கு மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளைப் பூசுகிறார்கள் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு வைகாசியில் ஒரு பிஸ்கட் டின் மூடியில் முயன்று பார்த்தேன். மீன்காரர் மூசா செங்கோட்டை ஸ்டேஷனில் கொல்லத்து மீனை இறக்கி, சைக்கிளில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவருவார். அவர் கூடையில் சாவாளை இருக்கும். இடுப்பு பெல்ட் மாதிரி நீளமான மீன். செதிலே கிடையாது. தொட்டால் வெள்ளி கையில் ஒட்டிக்கொள்ளும். அந்த வெள்ளிதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதைக் கரண்டியால் சுரண்டி, அம்மோனியா கலந்த தண்ணீரில் அலசி, மல் துணியில் வடிகட்டி, ஜாடியில் தெளியவிடுவேன். தண்ணீர் ஒரு சொட்டு இருந்தாலும் பெயின்ட் திரிந்துபோகும். அதனால் அசிட்டோனில் ஐந்து முறை கழுவி, கடைசியில் அமைல் அசிடேட்டில் கலந்து வைப்பேன். மீன் வாடை துளியும் இருக்காது. வாழைப்பழ வாசம்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத தட்டைத் தட்டையான பளிங்குகள் அதில் மிதக்கும். ஜாடியை ஆட்டினால் உள்ளே பட்டுத் துணி மடிவது போலிருக்கும்.

மீனின் சதை மதினிக்கு. "குழம்பு வச்சாச்சு, பொரிச்சாச்சு, காயப் போட்டாச்சு. இன்னும் ஒரு மாசம் போனா நானே ராத்திரி வெளக்கு இல்லாம மின்னுவேன், பாத்துக்க" என்பாள்.

அந்த டின் மூடியை அண்ணன் பிள்ளையிடம் காட்டினான். அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னலே இது, உள்ள இருந்து வெளிச்சம் வருது? இதுல என்ன போட்ட?"

என் பெயரைச் சொல்வான் என்று காத்திருந்தேன். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முத்து அண்ணாச்சி. தூத்துக்குடி முத்து. அரைச்சுப் பொடியாக்கிப் போட்டது. மதுரையில ஒரு பெரியவரு எனக்கு மட்டும் சொல்லிக்குடுத்த வித்தை."

பிள்ளை மூடியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் சுத்த சைவம். வெளியே யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவர் தெருவில் மூசா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். "மணியக்கூட அடிக்கமாட்டேம்மா. மணிச் சத்தத்துலயும் கவுச்சி இருக்குன்னுட்டா என்ன செய்ய?" என்பார். நாங்கள் சிரிப்போம். அன்று பிள்ளை போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டது எது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

"அவருட்ட உள்ளதச் சொல்லிருண்ணே. மீன் தொடாத மனுசன்."

"சொன்னா காரை வேற பட்டறைக்குக் கொண்டு போயிருவாரு. ஒனக்கு வேலையும் கெடைக்காது. கார் நல்லா வந்தா வேலை தாரேன்னு சொல்லிருக்காரு, தெரியும்லா?"

"ஏமாத்தி வாங்குன வேலை எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா தையில மாலையப் போட்டுட்டுப் போ. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? அவரு இருக்கையில நீயே சொல்லிருக்க வேண்டியதுதான?"

அவன் சொன்னது உண்மை. நான் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்று முதல் அந்தக் கோபத்தில் பாதி என்மேல் இருந்தது.

கதவு வெளுத்த பிறகு இரண்டு நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. என்ன செய்யணும், சொல்லு."

சொன்னேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. அதற்குப் பதிலாகத் தரையில் பழைய சாக்கு விரித்து, தூசி கிளம்பாமல் ஆணியடிக்க வேண்டும். காலையில் இரண்டு கரி அடுப்புகளை உள்ளே வைத்துத் தகரங்களைச் சூடேற்ற வேண்டும். அடிக்கும் முன் அடுப்புகளைத் தெரு வரைக்கும் கொண்டுபோய்விட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் ஆவி தீப்பற்றிக் கொட்டகையோடு நாமும் போவோம். என்னிடம் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. ஒன்றின் முனையில் ஈரத் துணி சுற்றி இரண்டையும் அருகருகே தொங்கவிட்டேன். காற்று உலர்ந்திருந்தால் ஈரத் துணி சுற்றியது நன்றாக இறங்கும். ஆறு டிகிரி இறங்கினால் அடிக்கலாம், அதற்கு முன் கன்னைத் தொடக்கூடாது என்றேன்.

சாரல் ஒன்பது நாள் பெய்தது. பத்தாம் நாள் பகல் பதினொன்றரைக்கு ஆறு டிகிரி வந்தது. வெளுத்த கதவைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து முன்பே வழவழப்பாக்கியிருந்தோம். மதினி மிதித்தாள். அண்ணன் அடித்தான். நான் ஜாடியை ஆட்டிக்கொண்டே இருந்தேன், ஆட்டாவிட்டால் மீன் வெள்ளி அடியில் தங்கிவிடும். மெல்லிய பூச்சாக ஐந்து. அதன்மேல் வெறும் வார்னிஷ் மூன்று. மூன்றரை மணிக்கு அண்ணன் கன்னை இறக்கி வைத்தான். கதவு கதவாக நடந்தான். தலையைச் சாய்த்தால் இளஞ்சிவப்பு, நேரே பார்த்தால் பால், குனிந்தால் லேசான பச்சை.

"ஆவுடை" என்று என்னைக் கூப்பிட்டான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை மன்னித்துவிடலாம் என்றுகூட அப்போது நினைத்தேன்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் குற்றாலம் பங்களாவில் காரை ஒப்படைத்தோம். டிரைவர் கதவுகள் எல்லாவற்றையும் காரில் திரும்பப் பூட்டி முடித்துத் துடைத்து நிறுத்தியிருந்தார். பிள்ளை என்னையும் வரச் சொல்லியிருந்தார். போர்ட்டிகோவின் தூண் ஓரமாக நின்றேன். அவர் மனைவியும் மகளும் ஜன்னலில் நின்றார்கள்.

அவர் காரை மூன்று முறை சுற்றிவந்தார். பானெட்டுக்குச் சந்தனம் வைத்தார். தேங்காய், பழம், வெற்றிலை, விளக்கு வைத்த தட்டை அதன்மேலேயே வைத்தார். குனிந்து முகர்ந்தார்.

"இன்னும் பழ வாசம் வருதுலே. சுத்தமான பொருளுன்னா வாசமே சொல்லும். நாளைக்கு மொத மொத கோயிலுக்குத்தான் ஓடணும்."

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம் அண்ணாச்சி" என்றான் அண்ணன்.

"நீ எத்தனாம் வகுப்பு?"

"எட்டு அண்ணாச்சி. அதுவும் முழுசா இல்ல."

"பாத்தியா!" பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினார். "எட்டாங்கிளாசு. கை என்ன வேலை செஞ்சிருக்கு பாரு. காலேஜுல போயி இருந்தா இது வருமா?" பிறகு என்னிடம் திரும்பினார். "நீதான் கெமிஸ்ட்ரியோ? நாலு வருசம் படிச்சு என்னத்தக் கண்ட, சொல்லு பாப்போம். ரசத்துக்குப் புளி கரைக்கவா?"

ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"வீட்டுல ஒத்தாசையா இருப்பா அண்ணாச்சி" என்றான். "குப்பியெல்லாம் கழுவிக் குடுப்பா."

ஐந்து முறை அசிட்டோனில் கழுவியதில் என் விரல் நுனிகள் தோல் உரிந்து கிடந்தன. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். அதன்மேல் என் பெயர் டைப் அடித்திருந்தது. உறையைத் தட்டில் வெற்றிலைமேல் வைத்தார்.

"சொன்ன சொல்லு மாறமாட்டேன். திங்கக்கிழமை வந்து சேந்துக்க. ஆசிட்டு, குப்பி, அடுப்புன்னு பிள்ளைகளப் பயமுறுத்தாம, புஸ்தகத்த வாசிச்சுக் காட்டு, போதும். தையலும் சேத்துச் சொல்லிக்குடு. எடுத்துக்க."

விளக்கின் சுடர் பானெட்டில் தலைகீழாக நின்றது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பும் பச்சையும். நான் தட்டருகே போனேன். உறையைத் தொட்டேன்.

"இரு, இரு" என்றார் பிள்ளை. நல்ல மனநிலையில் இருந்தார். "டீச்சர்னா ஒரு கேள்வி கேக்கணும்லா. முத்து கல்லு மாதிரி கெட்டி. அது பெயின்ட்டுல எப்படிம்மா கரைஞ்சுது? நாளைக்குப் பிள்ளைக கேட்டா என்ன சொல்லுவ?"

அண்ணன் இருமினான். "அவளுக்கு அது தெரியாது அண்ணாச்சி, அது தொழில் ரகசியம்."

"நீ சும்மா கெட. அவ சொல்லட்டும்."

பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளை நினைத்தேன். முதல் நாள், முதல் கேள்வி. உறையிலிருந்து கையை எடுத்தேன்.

"முத்து பெயின்ட்டுல கரையாது, ஐயா."

"அரைச்சுப் போட்டா?"

"சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையா நிக்கும். மின்னாது."

"ஏட்டி ஆவுடை" என்றான் அண்ணன். சத்தமே இல்லாமல் சொன்னான்.

பிள்ளையின் கை பானெட்டின் மேல் இருந்தது. சந்தனம் காயாத விரல்களால் அதைத் தடவினார். "அப்ப இது மின்னுதே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்க்க நான் ஒருபோதும் பேசியதில்லை. குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் நடுங்காமல் வந்தது.

"இது மீன், ஐயா. சாவாளை மீனோட தோல்ல இருக்க வெள்ளி. சுரண்டி, கழுவி, கலக்குனது நான்."