கண் மூடாத போர்வைக்காரர்

1

இந்தக் கதை எனக்குக் கழுத்துவலியில் கிடைத்தது. வலி போய்விட்டது. கதைதான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மருத்துவர் சொன்னாரென்று ஒரு யோகா இல்லத்தில் போய்த் தங்கினேன். காலை வகுப்பின் முடிவில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடி உடம்பைத் தரையிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவன். ரசீது இல்லாமல் எதையும் ஒப்படைத்துப் பழக்கமில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்தே வைத்திருந்தேன். (எங்கள் வீட்டில் செத்தால்தான் இரண்டு கண்ணையும் மூடுவார்கள். அதுவும் மற்றவர்கள் வந்து மூடிவிட வேண்டும்.)

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். நரைத்த தலை, அகன்ற தோள், பெரிய வெறும் பாதங்கள். கையில் ஓர் அடுக்குப் போர்வைகள். படுத்திருந்தவர்களின் நடுவே ஓசைப்படாமல் நடந்து ஒவ்வொருவருக்கும் போர்த்திக்கொண்டே வந்தார், கால்விரலிலிருந்து கழுத்துவரை, முகத்தைத் தொடாமல். என்னருகே வந்ததும் என் திறந்த கண்ணைப் பார்த்தார். கோபிக்கவில்லை. தொழில் கூட்டாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

எனக்குத் தெரிந்தது அந்தப் பார்வை மட்டும். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"நோயாளியாக வந்து, சேவகராக மாறி, சேவையிலேயே தன்னைக் கண்டடைந்த அந்த மாமனிதர்"

இது துண்டுப் பிரசுரம். அடித்துவிட்டேன்.

"போர்வைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே நெஞ்சு படபடத்தது, ஏனென்றால்"

ஏனென்றால் என்று ஆரம்பித்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். இதையும் அடித்தேன். ஆனால் வரியை அடித்த பிறகும் அந்தப் படபடப்பு மட்டும் போகவில்லை. எழுந்து வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அதைத் திருப்பி அவரிடமே கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

3

அவர் ஏன் அங்கே வந்தார்? பாதங்களை வைத்து லாரி ஓட்டுநர் ஆக்கினேன். ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். லாரி சாலையை விட்டு இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். முதல் வரைவில் அவரைக் கொன்றேன்.

"சாவெல்லாம் வேண்டாம்," என்றார் போர்வைக்காரர்.

"சாவு இல்லன்னா கதையில கனமே இருக்காதுங்க."

"மாப்பிள்ளைக்கு ஒரு கால் போதும். அந்த பாரத்தையே என்னால இறக்கி வைக்க முடியலை."

"முழுக் காலா?"

"நொண்டி நடந்தாப் போதும். அதுக்கு மேல ஏத்தாதீங்க."

பேரத்தில் நான் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அவரால் கண்ணை மூடிப் படுக்க முடியவில்லை. மூடினால் சக்கரம் சாலையை விட்டு இறங்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி அசந்தால் உண்டு. தங்கைதான் யோகா இல்லத்தில் கொண்டுவந்து விட்டாள். முதல் வகுப்பில் எல்லாரும் சவாசனத்தில் படுத்தபோது அவருக்கு மூச்சு முட்டியது. எழுந்து சுவரோரம் போனார். அங்கே போர்வைகள் குவிந்து கிடந்தன. எதிரே படுத்திருந்த ஒரு பெண்மணி குளிரில் காலை ஒடுக்கினார். சும்மா நிற்பானேன் என்று இவர் ஒன்றை எடுத்துப் போர்த்தினார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு. பிறகு அடுத்தவருக்கு. கடைசிப் போர்வை தீர்ந்தபோது மூச்சு சீராகியிருந்தது.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. துவைப்பார், வெயில் பார்த்துக் காயப்போடுவார், விசிறிபோல மடிப்பார். அப்படி மடித்தால்தான் ஓர் உதறலில் சத்தமில்லாமல் விரியும். ஏன் இங்கேயே இருந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"இத்தனை பேரு கண்ண மூடிப் படுத்திருக்காங்க. ஒருத்தராவது முழிச்சிருக்க வேணாமா?"

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவர் குணமானாரா, அல்லது இவருடைய நோய்க்கு ஒரு வேலை கிடைத்ததா? என் அப்பா இருந்தால், "சரக்கு ஒண்ணுதான், பேர் உன் இஷ்டம்" என்று முடித்திருப்பார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இந்த அடைப்புக்குறியை மூடவே)

4

இல்லத்து ஆசிரியைக்கு ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர்களிடம் போர்வைக்காரரைக் காட்டி, "இவரைப் பாருங்க. தூக்கமே இல்லாம வந்தவர். சவாசனம் இவரை எப்படி மாத்தியிருக்கு பாருங்க," என்பார். ஜவுளிக் கடை வாசலில் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்துவோமே, அப்படி அவரும் நிற்பார்.

ஒருநாள் ஒரு பல் மருத்துவர் அவரைத் தனியாக மடக்கி, "சவாசனத்துல உங்களுக்கு உள்ள என்ன தோணும்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தெரியாதுங்க. நான் படுத்ததே இல்லையே."

வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்த பல் மருத்துவர் தன் வாயைத் திறந்தபடி நின்றார். சாயங்காலத்துக்குள் செய்தி ஆசிரியையிடம் போய்விட்டது.

"ஒரு தடவைகூடவா?"

"போர்வை போடணுமே, டீச்சர்."

"நாளைக்குச் சமையல்காரர் போடுவார். நீங்க படுங்க. நான் மணி அடிக்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது." அவர் கெட்டவர் இல்லை. அடுத்ததைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. "முடியலைன்னா, தோட்டத்துல ஆள் கேட்டுட்டு இருக்காங்க. உங்களைக் காட்டி எத்தனை பேர்கிட்ட என்னவெல்லாம் சொல்லியிருக்கேன். அது பொய்யாப் போகலாமா? இனி கூடத்துல எந்த முகத்தோட உங்களை நிறுத்துவேன்?"

அன்று பார்த்துத் தங்கையும் வந்து சேர்ந்தாள். எப்போதாவது வந்து ஓரிரு நாள் தங்குவாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நானும் நாளைக்கு உன் பக்கத்துல படுக்கிறேன். மணி அடிக்கிற வரைக்கும் நீ படுத்துட்டேன்னு வை, உனக்குச் சரியாயிடுச்சு. மூட்டையக் கட்டு, வீட்டுக்குப் போலாம்."

"படுக்க முடியலைன்னா?"

"அப்ப இத்தனை வருஷம் இங்க இருந்து என்னத்தக் கண்டே? மூட்டையக் கட்டு, வீட்டுக்குப் போலாம்."

"ரெண்டுக்கும் மூட்டைதானா?"

"பின்னே? அங்க அவரு ஒத்தக் கால்ல நின்னு பட்டறையப் பாக்கறாரு. நீ இங்க ஊரான் காலுக்குப் போத்திவிட்டுட்டு இருக்கே. நல்லா இருக்குண்ணா உன் நியாயம்."

அவளிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது. அந்தக் காலை ஒடித்தவர் அவர்தானே.

எங்கள் கடைத்தெருவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட ஒரு மனுஷனை இப்படி இரண்டு பக்கமும் அடைத்ததில்லை. கண்ணை மூடிப் படுத்தால் தங்கை கூட்டிப்போவாள். திறந்தால் ஆசிரியை தோட்டத்துக்கு அனுப்புவார், அங்கிருந்தும் தங்கை கூட்டிப்போவாள். எப்படிப் பார்த்தாலும் கூடம் போச்சு, போர்வை போச்சு. போர்வை இல்லாவிட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

5

முடிவுகளைக் கடைபரப்பிப் பார்த்தேன்.

ஒன்று: படுக்கிறார், உண்மையிலேயே தூங்கிவிடுகிறார், குறட்டை விடுகிறார், கூடமே சிரிக்கிறது. நன்றாக ஓடும் சரக்கு. ஆனால் அவர், "என்னை வச்சு வேடிக்கை காட்டாதீங்க," என்றார்.

இன்னொன்று: எழுந்து ஓடுகிறார், தோட்டத்துக்குப் போகிறார், செடிகளிடம் நிம்மதி காண்கிறார். முன்பு அடித்த துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் இது.

இன்னொன்று: மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே கூடத்துக்குள் வந்து அவர் தோளில் கை வைத்து, "நான் உங்களை எப்பவோ மன்னி"

வேண்டாம். எழுதும்போதே கூசுகிறது.

"என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார் போர்வைக்காரர். விரிப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

தெரியும் என்றேன். இல்லாத சரக்கைக் கேட்டால், "உள்ளே இருக்கு, எடுத்துத் தரேன்" என்போமே, அந்தக் குரலில்.

6

படுத்துவிட்டார். வலப்பக்கம் தங்கை. கண்ணை மூடினார். சக்கரம் உடனே இறங்கியது.

கைகளைத் தரையில் பதித்துக்கொண்டார். லாரி உருண்டது. அவர் திறக்கவில்லை. நெற்றி வேர்வை காதுக்குள் இறங்கியது. அதையும் துடைக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டார், இழுத்து விட்டார். கொஞ்ச நேரத்தில் லாரி எங்கோ முட்டி நின்றதுபோல் இருந்தது. அல்லது நின்றது என்று நான் ஆசைப்பட்டு எழுதுகிறேன்.

தொம், தொம் என்று காலடி. சமையல்காரர். பாவம், அவர் போர்வைகளை மேஜைத் துணிபோலச் சதுரமாக மடித்திருந்தார். உதறினால் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. போர்வைக்காரருக்கு இரட்டைப் போர்வை விழுந்தது. அடுத்த காலடி வலப்பக்கம் போனது, நின்றது, தயங்கியது. வெறுங்கையோடு திரும்பிப் போனது. போர்வை தீர்ந்துவிட்டது.

தங்கையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சுத் துண்டு துண்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த மூச்சை அவர் வாழ்க்கையில் ஒரே தடவை கேட்டிருக்கிறார், ஆஸ்பத்திரி வராந்தாவில். அன்று அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. அதன் பிறகு அவள் அழுது அவர் பார்த்ததில்லை. எல்லாரையும் அதட்டிக்கொண்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டு இருந்தவள், இங்கே படுத்துக் கண்ணை மூடியதும் பிடி விட்டுவிட்டாள்.

அவர் மேல் இரண்டு போர்வைகள் கிடக்கின்றன. அவளுக்கு ஒன்றுமில்லை.

திறந்தால் கூடம் போய்விடும். மூடியே கிடந்தால், இதோ குணமான மனிதர் என்று எல்லாரும் கும்பிடுவார்கள். பக்கத்தில் ஒருத்தி நடுங்குவது தெரிந்தும் படுத்துக் கிடந்த மனிதர். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடமே கேட்டேன். பேச்சுக்குப் பேச்சு என்னோடு மல்லுக்கட்டியவர், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

என் கையிருப்பு இவ்வளவுதான். அவருடைய இடப்பக்கம் ஒரு விரிப்பு காலியாக இருந்தது. உங்களைக் கேட்காமலே அதில் உங்களைப் படுக்கவைத்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அவர் இமை துடிப்பது தெரியும். நீங்கள் சொன்னால் கேட்பார். "அப்படியே இருங்க" என்று சொல்லலாம், "எழுந்திரிங்க" என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது உங்கள் கணக்கில்தான் விழும். எனக்காகக் காத்திருக்காதீர்கள். ஆசிரியையின் கை மணிப் பக்கம் நகர்ந்துவிட்டது.