அடுத்த மாதம் வரும் மெஷின்

மூதூர்க் கரையில் காலை மீன் ஏலம் முடிந்ததும் தாஹிரின் கடை வாசலில் இன்னொரு கூட்டம் கூடும். எஞ்சின் கூட்டம் என்று அவர் மனைவி ரபீக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். படகுக்கு எஞ்சின் வாங்கப் போகிறவன், வாங்கிவிட்டு முழிக்கிறவன், விற்கப் பார்க்கிறவன் எல்லோரும் தாஹிரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குடாவின் அக்கரையிலுள்ள திருகோணமலை டவுனுக்கு லோஞ்சுப் படகுகள் புறப்படும் ஜெட்டிக்குப் பக்கத்தில் எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த மனிதர். அவரைக் கேளாமல் அந்தக் கரையில் யாரும் ஒரு ஸ்பார்க் பிளக்கூட வாங்கமாட்டார்கள்.

அன்றைக்குச் சம்பூரிலிருந்து முத்தன் வந்திருந்தான்.

"முதலாளி, எஞ்சின் பழசாகி மூச்சு வாங்குது. புதுசு ஒண்டு எடுப்பம் எண்டு பாக்கிறன்."

"விசரா உனக்கு? இப்ப ஆராவது எடுப்பானா? மாரி வரட்டும். கடல் அடிச்சுக் கிடக்கேக்க ஒருத்தரும் எஞ்சின் கேட்டுப் போகமாட்டினம். கம்பெனிக்காரன் புது மொடலையும் இறக்குவான். அப்ப போய்க் கேள், உன்னைக் கதிரை போட்டு இருத்தி, விலை குறைச்சுத் தருவான்."

முத்தன் தலையாட்டிக்கொண்டு போனான். தாஹிரின் சட்டம் இதுதான்: புது மொடல் வரும்வரை பொறு. சும்மா சொல்லக்கூடாது, எஞ்சினுக்கு அது சரியான சட்டம். எஞ்சினில் புது மொடல் என்பது சில வருடங்களுக்கு ஒருமுறை வருகிற சங்கதி. வந்தால் வந்ததுதான். அந்தச் சட்டத்தைக் கேட்டு நடந்த ஒருவனும் ஏமாந்ததில்லை. தாஹிருக்கு அதில் ஒரு பெருமை, பெருமையென்றால் சாதாரணப் பெருமை இல்லை. உலகத்திலுள்ள எல்லாச் சாமானும் படகு எஞ்சின்தான் என்று நினைக்கிற அளவுக்கு அது தலைக்கேறியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவருடைய தங்கை பரீனா புத்தகப் பையோடு கடை வாசலுக்கு வந்தாள்.

"காக்கா, லோஞ்சுக்கு நேரமாகுது. இண்டைக்காவது முனாப்ட கம்பியூட்டர் கடையில அந்த லப்டொப்புக்குக் கதைச்சுப் பாப்பீங்களா?"

"கதைப்பம், கதைப்பம். சாமான் ஓடியா போகப்போகுது?"

வாப்பாவும் உம்மாவும் மௌத்தானபோது பரீனா சின்னப் பிள்ளை. தாஹிர்தான் தூக்கி வளர்த்தார். ரபீக்கா இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்கும் பரீனா பெற்ற பிள்ளை மாதிரி. ஏ.எல். பரீட்சை முடித்து, திருகோணமலை டவுனில் கம்பியூட்டர் டிப்ளோமாப் படிப்பில் சேர்ந்திருந்தாள். அந்தத் தெருவிலிருந்து அப்படிப் படிக்கப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். கடைசியாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் எந்த மருந்து தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுகிற புரோகிராம். அதைச் செய்து முடித்தால்தான் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் வேலை.

ஆனால் வகுப்பில் ஒரு கம்பியூட்டருக்கு மூன்று பேர். டவுன் பிள்ளைகள் இருட்டும்வரை இருந்து செய்வார்கள். கடல் தாண்டிப் போகிறவர்களுக்குப் பின்னேரமே கடைசி லோஞ்சு. தன் முறை வந்து மெஷின் முன்னால் குந்தும்போது பரீனா எழும்பி ஓடவேண்டியிருக்கும். லோஞ்சைத் தவறவிட்டால் டவுனில் சொந்தக்காரர் வீட்டில்தான் இராத் தங்கல்.

"வீட்டில ஒரு லப்டொப் இருந்தா நீங்க ஒவ்வொரு நாளும் வரத் தேவையில்லை, சனிக்கிழமை வந்து காட்டினாப் போதும்" என்று வகுப்பு மிஸ் சொல்லியிருந்தார். அதைப் பரீனா வீட்டில் வந்து சொன்ன அன்றைக்கு ரபீக்கா இரண்டு கையையும் ஏந்தி துஆக் கேட்டாள். காரணம் இருந்தது. சமாதான ஒப்பந்தம் என்று ஒன்று கடதாசியில் இருந்த காலம் அது. ஜெட்டியில் பையைத் திற, சாப்பாட்டுப் பெட்டியைத் திற என்று சோதனை மேல் சோதனை. இன்றைக்கு அங்கே சூடு, நாளைக்கு இங்கே குண்டு என்று கதை வந்துகொண்டேயிருந்தது. பிள்ளை திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்வரை ரபீக்காவுக்குச் சோறு இறங்காது.

"இஞ்சேருங்க, அந்தச் சாமானை வாங்கிக் குடுத்துத் தொலைங்களேன். காசு இல்லாமலா இருக்கீங்க?"

"காசுக்கில்லடி. பாத்து வாங்கோணும்."

பாத்து வாங்கோணும்! அந்த ஒரு சொல்லிலேயே ஒரு வருடம் போய்விட்டது. முதல் தடவை போனபோது, சீடி எழுதுகிற மொடல் வருகிறது என்றார்கள். பொறுத்தார். அது வந்தபோது, வயர் இல்லாமல் இன்டர்நெட் இழுக்கிற மொடல் வருகிறது என்றார்கள். பொறுத்தார். மூதூரில் வயர் உள்ள டெலிபோனே நினைத்தால் வேலைசெய்யும், நினைத்தால் செத்துக் கிடக்கும். அங்கே வயர் இல்லாத இன்டர்நெட்டுக்குக் காத்திருந்த மனிதரை என்னவென்று சொல்வது? அதுவும் வந்தது. அப்போது பாரம் குறைந்த ஒன்று வருகிறது என்ற கதை கிளம்பியது. கம்பியூட்டரில் மாரி, கோடை என்று பருவமே கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது மொடல் குட்டி போடும் என்பது தாஹிரின் எஞ்சின் மண்டையில் ஏறவேயில்லை.

"உங்கட எஞ்சின் கணக்கைக் கொண்டுபோய் இதுக்குள்ள போடாதீங்க" என்று ரபீக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கென்ன தெரியும்? இண்டைக்கு வாங்கி, நாளைக்கு அதவிட நல்லது வந்தா ஊர் சிரிக்கும். தாஹிரே ஏமாந்திட்டான் எண்டுவாங்கள்."

ஊர் சிரிக்குமாம். ஊருக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

கடைசியில் ரபீக்காவின் வாய்க்குப் பயந்து ஒருநாள் காலை லோஞ்சில் தங்கையையும் கூட்டிக்கொண்டு தாஹிர் டவுனுக்குப் போனார். காசும் மடியில் இருந்தது. முனாப் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தக்காரப் பெடியன். கொழும்பில் வேலை பழகி வந்து கம்பியூட்டர் கடை போட்டிருந்தான். ஒரு லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்துத் திறந்து காட்டினான். பரீனா கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினாள். விரல்கள் எழுத்துகளின் மேல் ஓடின. யாரும் அடுத்த முறைக்குப் பின்னால் நிற்காத ஒரு மெஷினை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"இது நல்ல சாமான், காக்கா. தங்கச்சிட வேலைக்கு இது தாராளம்" என்றான் முனாப்.

தாஹிர் காசில் கையை வைத்தார். வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"இதுக்கு அடுத்தது என்ன வருது?"

முனாப் ஒரு வாயாடி. தெரிந்ததைச் சொல்லாமல் அவனுக்கு இருக்க ஏலாது. "அடுத்த மாசம் வாறது வேற மாதிரி, காக்கா. ஒரு சிப்புக்குள்ள ரெண்டு மூளை. ரெண்டு வேலையை ஒரே நேரத்தில செய்யும். ஆனா இவவுக்கு அது…"

தாஹிரின் கை மடியிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

"ரெண்டு மூளையா?"

"காக்கா, எனக்கு ஒரு மூளையே போதும்" என்றாள் பரீனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "இதை வாங்கித் தந்தீங்க எண்டா இப்பவே உங்களோட வீட்டுக்கு வந்திருவன். இண்டைக்கு இரவே வேலையைத் தொடங்கிருவன்."

"ஒரு மாசம் புள்ள. ஒரே ஒரு மாசம். ஒரு வருசம் பொறுத்தாச்சு, இதுக்கென்ன?"

"அப்ப நான் கிளாசுக்குப் போகோணும். இண்டைக்கு மத்தியானம் மெஷின் என்ட முறை."

"போயிட்டுக் கடைசி லோஞ்சில வா."

அவள் அந்த லப்டொப்பை மெதுவாக மூடினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். தாஹிர் மத்தியான லோஞ்சுக்கு ஜெட்டிப் பக்கம் நடந்தார்.

லோஞ்சு குடாவின் நடுப்பகுதிக்கு வந்திருக்கும். தாஹிர் பக்கத்திலிருந்தவரிடம் ரெண்டு மூளை மெஷினைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் டவுன் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டடங்களுக்கு மேலே புகை எழும்பியது.

"திருப்புங்க! லோஞ்சைத் திருப்புங்க! என்ட தங்கச்சி அங்க!"

"ஏலாது, காக்கா. திருப்பினா நேவி சுடுவான்" என்றான் லோஞ்சு ஓட்டி.

தாஹிர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனை எடுத்து எடுத்து அடித்தார். ஒன்றும் போகவில்லை. லோஞ்சு தன்பாட்டில் மூதூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் ரபீக்கா நின்றாள். அவருக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

அன்றைக்கு வேறு லோஞ்சு ஓடவில்லை. மறுநாள்தான் அவர்களால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. முனாப் வாசலிலேயே நின்றான். சட்டை முழுக்க இரத்தம். அது பரீனாவின் இரத்தம், தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"உசிருக்கு ஒண்டுமில்லை, காக்கா" என்றான். அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

குண்டு வெடித்தது கீழே தெருவில். வகுப்பு மேல்மாடியில். அவளுக்குக் கிடைத்த மெஷின் தெருப்பக்கத்து யன்னலோடு இருந்தது. கண்ணாடி முழுவதும் முகத்தில் வந்து விழுந்திருந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஒப்பரேசன், பிறகு இன்னொன்று. கடைசியில் டொக்டர் தாஹிரைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு கண் முற்றாகப் போய்விட்டது, மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பரீனாவுக்கு அப்போது இருபது வயது.

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதற்குப் பிறகு தாஹிர் கடை வாசலில் கூட்டம் போடவில்லை. யாரும் எஞ்சின் கதை கேட்டு வந்தால், "எனக்குத் தெரியாது" என்பார். ரபீக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஒருவரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போனார். முனாப்பின் கடையில் அந்த ரெண்டு மூளை லப்டொப் வந்திருந்தது.

"எடுத்துத் தா" என்றார்.

"காக்கா, என்னத்துக்கு இப்ப…" முனாப் தடுமாறினான். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "இதவிடப் புதுசும் ஒண்டு வருதாம் எண்டு கதை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். தாஹிர் அவனை நிமிர்ந்து பார்த்தார். முனாப் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, அதைப் பரீனாவின் மடியில் வைத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்கிட்டீங்களா, காக்கா?"

"ஓம் புள்ள."

"ரெண்டு மூளையா?"

தாஹிர் குனிந்து மெஷினின் சுவிட்சைப் போட்டார். அவள் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்துத் தன் பெயரை அடித்தாள். "சரியா விழுந்திருக்கா?" என்று கேட்டாள். குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்த ரபீக்கா அதைப் பார்த்துவிட்டு, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். தாஹிர் தங்கையின் காலடியில் விழுந்து, அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"குண்டு வெச்சவனை அல்லாஹ் கேப்பான். என்னை நீ கேளு புள்ள. ஏன் வாங்கித் தரல்ல எண்டு கேளு. அண்டைக்கு ஒரு சொல்லு ஓம் எண்டிருந்தா நீ என்னோட லோஞ்சில வந்திருப்பாய்."

பரீனா அவர் தலையைத் தடவினாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்தக் கண்ணில் அழுதால் எரியும், அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். 

"நான் கேக்கமாட்டன், காக்கா. நீங்க எனக்கு நல்லதைத்தான் தேடினீங்க. எனக்குத் தெரியும். ஆனா நீங்க மெஷினைத்தான் பாத்தீங்க, என்னைப் பாக்கல்ல. சாமானுக்கு எப்பவும் நாளைக்கு ஒரு புதுசு வரும், அதுக்கு முடிவேயில்லை. மனுசருக்குத் தேவை வாறது இண்டைக்கு. இனி ஆராவது வந்து எப்ப வாங்கிறது எண்டு உங்களிட்டக் கேட்டா, புதுசு எப்ப வரும் எண்டு சொல்லாதீங்க. உனக்கு எப்ப தேவை எண்டு கேளுங்க. இண்டைக்குத் தேவை எண்டா, இண்டைக்கே வாங்கு எண்டு சொல்லுங்க."