நோசகேலே சொல்லாத ஓசை

ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும் சோதனைக்காக நிலாப் படம் போட்ட அட்டையை மிஸ் புலேல்வா மேசைமேல் வைத்ததுமே நோசகேலே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன கண்ணு?"

"இஜாங்கா" என்றாள் மகள் அச்சுமா, பளிச்சென்று.

எங்கள் கோசா மொழியில் நிலாவுக்கு இஞாங்கா என்று பேர். இறைச்சிக்கு இஞாமா, பாதத்துக்கு உஞாவோ. அச்சுமா இறைச்சியை இஜாமா என்றாள், பாதத்தை உஜாவோ என்றாள். மிஸ் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு தப்புப் போட்டாள்.

தப்பு பிள்ளையுடையது இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வருகிறவள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பேரோடு விட்டால் பரவாயில்லையே! அந்தப் பேரில் இருக்கிற ஓசை வேறு எந்தச் சொல்லில் வந்தாலும் அதையும் வாயில் எடுக்கக் கூடாது. நோசகேலேவின் மாமனார் பேர் ஞானிசோ. போச்சா? வந்த நாளிலிருந்து அவள் ஞா வருகிற இடத்திலெல்லாம் ஜா போட்டுத்தான் பேசினாள். கை சுட்டுக்கொண்டபோதும் சரி, பிரசவ வலியில் கத்தியபோதும் சரி, ஒரு தடவைகூட நாக்கு பிசகியதில்லை. இப்படி ஒரு மருமகள் உண்டா என்று ஊரே மெச்சியது. அச்சுமா தெருவில் மற்ற பிள்ளைகளோடு ஞா சொல்லித்தான் விளையாடுவாள். அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் ஜா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கு அது கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது. "இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல எடுக்கலைன்னா பிள்ளைய கேப் டவுனுக்கு என் பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடறேன். அங்க படிக்கட்டும்" என்று மாமனார் காலையில்தான் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர். சுரங்கத்தில் வேலை பார்க்கும் புருஷனுக்குப் போன் போட்டால், "அப்பா சொன்னாச் சரிதான்" என்கிறான். அவன் கிடக்கிறான். பெற்றவளுக்கு அல்லவா தெரியும், கேப் டவுன் போன பிள்ளை விருந்தாளியாகத்தான் திரும்பி வரும் என்று.

மிஸ் பென்சிலை வைத்தாள். "இந்த ஓசையே வரமாட்டேங்குதே அக்கா. சொல்லைக் காது பிரிச்சுக் கேக்கணும். அது வராம எழுத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? இன்னும் ஒரு வருஷம் சின்ன வகுப்புலயே இருக்கட்டும்."

"அவளுக்கு வரும் மிஸ். அது எங்க மாமனார் பேர்ல இருக்கற ஓசை. நான் சொல்ல மாட்டேன், அதான் அவளும்..."

மிஸ் போர்ட் எலிசபெத்தில் பிறந்து வளர்ந்தவள். சிரித்துவிட்டாள். "எங்க பக்கம் இதெல்லாம் இப்ப யாருக்கா பாக்கறா? சரி, நான் என் காதால கேக்கணும்ல? நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

நோசகேலே வாசல்வரை போவதற்குள் அச்சுமா வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து மகள் பக்கத்தில் குந்தினாள்.

"நான் இருக்கறப்பவே சொல்லுடி. ஒண்ணும் திட்ட மாட்டேன்."

அச்சுமா அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ மொதல்ல சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

நோசகேலேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சன்னல் திறந்து கிடந்தது. அதன் கீழே வெளிப் பெஞ்சில்தான் கூட வந்த மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் புகையிலை வாசனை உள்ளேவரை வந்தது. அவர் காதுபட அந்த ஓசையைச் சொன்ன மருமகள், பிறந்த வீட்டுக்கு நடந்து போய், நடந்ததைச் சொல்லி, அபராதமாக ஆடு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வழியெல்லாம் ஊர் பார்க்கும். ஆட்டைவிட அதுதான் கொடுமை.

"காதுல ரகசியமாச் சொல்லுங்களேன்" என்றாள் மிஸ்.

மகளின் காதோரம் குனிந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெறும் மூச்சுத்தான் வந்தது.

"கூசுதும்மா" என்று நெளிந்தாள் அச்சுமா.

அடுத்த பிள்ளையும் தாயும் வாசலில் வந்து நின்றார்கள். மிஸ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தாள். "விடுங்கக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"ஞா" என்றாள் நோசகேலே.

ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அறை முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் அவளாலேயே நிறுத்த முடியவில்லை. "இஞாமா. இஞாங்கா. உஞாவோ. ஞானிசோ."

வெளியே கேட்டுக்கொண்டிருந்த மாமனாரின் இருமல் சட்டென்று நின்றது.

அச்சுமா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்தாள். அப்புறம் அட்டைகளைத் தானே புரட்டி ஒன்றுவிடாமல் சொன்னாள், கேட்காமலே கைதட்டிப் பிரித்தும் காட்டினாள்: இ, ஞா, ங்கா.

மிஸ் தேனீப் படத்தை எடுத்தாள். "இதை அம்மா முன்னாடி எப்படிச் சொல்வே?"

"இஞோசி. ஞோ பரவாயில்ல மிஸ். ஞா மட்டுந்தான் கூடாது."

மிஸ் ரப்பரை எடுத்தாள். "இதைப் பிரிச்சுக் கேக்க வைக்கத்தான் அக்கா நான் வருஷம் பூரா தலைகீழா நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, போட்ட தப்புகளை அழித்தாள். ஒண்ணாம் வகுப்பு என்று எழுதினாள்.

வெளியே வந்தபோது மாமனார் தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருமவளே, என் பேரு காதுல விழுந்துச்சு."

"ஆமாப்பா."

"உங்கப்பன் வீட்டுக்குப் போயி ஆடு ஓட்டியாரணும். தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"பிள்ளைய எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு என்னவோ சொல்ல வந்தார். அவரெதிரில் தலை நிமிர்ந்தே அறியாத நோசகேலே நிமிர்ந்தாள்.

"ஒண்ணென்னப்பா, ரெண்டாவே ஓட்டிட்டு வரேன். கேப் டவுன் பேச்சே வேணாம், இவ எங்கூடத்தான் இருப்பா."

அச்சுமாவைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். கிழவர் தலையை ஆட்டிவிட்டுத் தடியை ஊன்றி வீட்டுப் பக்கம் நடந்தார்.