இரண்டு முறை அதிர்ந்தால் கிளம்பு

"தொகிதா, இவர் உன் வீட்டுக்கு வந்தாரா?"

மாஸ்டரின் மனைவி சதோகோ-சான் காலையில் போன் செய்கிற ஆள் இல்லை. கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில், குனிந்தபடியே பதில் சொன்னேன்.

"மாஸ்டரா? வரலையே. ஏன்?"

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டார். பழைய தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கார். போன் இங்கேயே கிடக்கு. காது மெஷினும்."

காது மெஷினுமா? அதை அவருக்கு விற்றவனே நான்தான். ஒரு காலத்தில் டிரம்ஸ் அடித்து ஊரார் காதைக் கெடுத்தவன், இன்று அதே காதுகளுக்கு மெஷின் பொருத்திச் சாப்பிடுகிறேன். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் மனிதர், இனி எதையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தவராகக்கூட இருக்கலாம்.

"இன்னைக்குத்தானே இடிக்கிறாங்க?" என்றார் சதோகோ-சான்.

நான் ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

இடிக்கப்போவது கோயென்ஜி ஸ்டேஷனுக்குத் தெற்கே, மீன் வறுக்கும் புகை எப்போதும் சுற்றும் சந்தில் இருந்த மூன்று மாடிக் கட்டடம். அதன் பாதாள அறைதான் 'ஈரத் தீக்குச்சி' இசைக் கிளப். நாற்பது பேர் நிற்க வேண்டிய இடத்தில் நூறு பேர் நின்று, ஒருவர் வேர்வையில் ஒருவர் குளித்து, மேடையில் யார் வாசிக்கிறார்கள் என்றே தெரியாமல் கத்திய இடம். பீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கழிவறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். என் வாழ்க்கையின் நல்ல பாதி அந்தக் குழிக்குள்தான் போனது. சுற்றியிருந்த மற்ற கிளப்புகள் ஒவ்வொன்றாக மருந்துக் கடையாகவும் உடற்பயிற்சிக் கூடமாகவும் மாறியபோது, இது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதை நடத்தியவர் குமகாய். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் கூடி, பழைய ஆட்கள் எல்லோரும் குடித்து அழுதோம். மாஸ்டரும் அழுதார். "இந்த இடம் போச்சுன்னா நானும் போன மாதிரிதான்" என்றார். அப்போதே நானும் என்னோடு வாசித்த ஃபுமியேவும் ஒரு முடிவை அறிவித்தோம்: வசந்த காலத்தில் பக்கத்து நகானோவில் ஒரு பாதாள அறை எடுத்து, இதே பெயர்ப்பலகையை மாட்டி, மறுபடி திறப்போம். கூட்டம் கைதட்டியது. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தலை குனிந்து நின்றார்.

அந்தத் தலை குனிவு இப்போது வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. விடைபெறுகிறவர்களும் அப்படித்தான் குனிவார்கள்.

சந்துக்குள் ஓடினேன். கட்டடத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் மஞ்சள் இயந்திரம் ஒன்று கழுத்தை மடக்கி நின்றது. ஃபுமியே எனக்கு முன்பே வந்திருந்தாள். எங்கள் பேண்டின் பேஸ் கிட்டார்காரி. இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலக் கடை வைத்திருக்கிறாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கையில் கரண்டி.

"அங்க பாரு" என்று கரண்டியாலேயே காட்டினாள்.

பக்கவாட்டுச் சுவரோரம் ஒரு சைக்கிள். முன்னால் கூடை, சீட்டில் கறுப்பு டேப். மாஸ்டருடையது.

மேஸ்திரி இகராஷி வெளியே வந்தார். கனத்த உடம்பு, சின்னக் கண்கள்.

"உள்ள ஆள் இருக்கு. நிறுத்துங்க" என்றேன்.

"காலி கட்டடம் சார். நேத்தே டார்ச் அடிச்சு மூலை மூலையாப் பாத்தாச்சு."

"இன்னைக்குக் காலையில பாத்தீங்களா?"

"எதுக்கு? ராத்திரியோட ராத்திரியா யாராவது குடிவந்தாங்களா?"

"அவர் சைக்கிள் நிக்குது!" என்று ஃபுமியே பாய்ந்தாள்.

"கோயென்ஜியில சைக்கிளுக்கா பஞ்சம்? இதோ பாரும்மா, கீழே போற படியில காலையிலேயே உடைஞ்ச பலகையெல்லாம் கொட்டியாச்சு. கொட்டுறதுக்கு முன்னாடி 'யாராவது இருக்கீங்களா'ன்னு கத்தினோம். பதில் வரல. அதுக்கு மேல என்ன செய்யச் சொல்றே?"

"கத்தினா கேக்காது!" நானும் ஃபுமியேவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அது எங்களுக்குத்தான் தெரியும். 'ஈரத் தீக்குச்சி'க்கு இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் குளிர்பதனக் கிடங்குக் கதவு போலத் தடிமன். மூடிவிட்டால் மனிதக் குரல் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. போதாததற்கு உள் கைப்பிடி பழுது. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் தூக்க, வெளியே ஒருவர் தோளால் முட்டினால்தான் திறக்கும். கிளப் நடந்த காலத்தில் டிக்கெட் மேஜையில் யாராவது இருப்பார்கள், முட்டுவார்கள். இப்போது யார் இருக்கிறார்கள்?

"அவர் ஏன் கதவை மூடணும்? ஒத்தையாளாத்தானே போனார்? அதுவும் செத்த கட்டடம்" என்றார் இகராஷி, கதவுக் கதையைக் கேட்டுவிட்டு.

நானும் ஃபுமியேவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேண்டுமென்றே மூடியிருந்தால்?

விசில் சத்தம். பத்து மணித் தேநீர். தொழிலாளிகள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். சந்து திடீரென்று அமைதியானது.

"சரி" என்றார் இகராஷி, தகர டப்பாக் காப்பியைத் திறந்தபடி. "டீ முடியற வரைக்கும் நேரம் தர்றேன். ஆள் இருக்குன்னு காட்டுங்க, பலகையை நானே அள்றேன். இல்லேன்னா கிளம்புங்க. ஆள் இல்லாத குழியைத் தோண்டிக்கிட்டு நின்னா என் முதலாளி என்னைத் தோண்டிடுவார்."

எப்படிக் காட்டுவது? குரல் போகாது. போன் இல்லை. காது மெஷினும் இல்லை.

"மாஜோங் கிழவி" என்றாள் ஃபுமியே திடீரென்று.

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

கிளப்புக்கு நேர் மேலே தரைத்தளத்தில், காய் வைத்து ஆடும் மாஜோங் விளையாட்டுக் கடை. அதன் சொந்தக்காரக் கிழவி தினமும் சண்டைக்கு வருவாள். கிட்டாரும் பாட்டும் அவளுக்குக் கேட்டதே இல்லை. பேஸ் டிரம் ஒன்றுதான் தரை வழியே ஏறி அவளுடைய காய்களைக் குலுக்கும். கடைசியில் ஓர் உடன்படிக்கை. நேரம் முடிந்ததும் மாஸ்டர் மேடையேறுவார். டிரம்காரனை, அதாவது என்னை, சட்டைக் காலரைப் பிடித்து ஸ்டூலிலிருந்து தள்ளுவார். தன் காலால் பேஸ் டிரம்மை இரண்டே இரண்டு முறை உதைப்பார். டம். டம். பாட்டு பாதியில் இருந்தாலும் அவ்வளவுதான். போதும், வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். மேலே கிழவியும் அதைக் கேட்டுத் தரையைக் கைத்தடியால் இரண்டு முறை தட்டுவாள். சரி என்று அர்த்தம்.

கீழிருந்து மேலே வந்தது, மேலிருந்து கீழே போகாதா?

தரைத்தளத்துக்குள் ஓடினோம். சுவர்களை உரித்துவிட்டிருந்தார்கள், வெறும் சிமென்ட் தரை. மேடை எதற்கு நேர் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஒரு தொழிலாளியின் பெரிய மரச் சம்மட்டியைத் தூக்கினேன். இடுப்பு 'மளுக்'கென்றது.

"பாத்துடா, நீயும் உள்ள விழுந்துடாதே" என்றாள் ஃபுமியே.

டம். டம்.

தரையில் படுத்துக் காதை ஒட்டினேன். சிமென்ட் தூசி மூக்கில் ஏறியது. ஒன்றும் இல்லை.

டம். டம்.

ஒன்றும் இல்லை. வெளியே யாரோ சிகரெட்டை மிதித்து அணைக்கும் ஓசைகூடக் கேட்டது. இகராஷி வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார்..."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

உடம்பு மொத்தத்தையும் வைத்து அடித்தேன். டம். டம்.

காதில் அல்ல, கன்னத்து எலும்பில்தான் முதலில் வந்தது. மெதுவாக, அடித்தொண்டையில் யாரோ செருமுவதுபோல.

டம்.

ஃபுமியேவின் கரண்டி கீழே விழுந்தது.

டம்.

இகராஷி மண்டியிட்டுத் தன் உள்ளங்கையைத் தரையில் வைத்தார். அடுத்த நொடி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சந்து அதிரக் கத்தினார்: "டீ முடிஞ்சது! எல்லாரும் படிக்கு வாங்கடா!"

கைக்குக் கை மாற்றிப் பலகைகளை அள்ளினோம். வெளிக் கதவு எளிதாகத் திறந்தது. உள் கதவில் தோளைக் கொடுத்து முட்டினேன். அந்தப் பக்கம் கைப்பிடி கிறீச்சிட்டது. கதவு திறந்தது.

தோல் ஜாக்கெட், தலையில் சுரங்கத் தொழிலாளிபோல விளக்கு, முகமெல்லாம் கறுப்பு. பின்னால் மேடையில், யாரும் எடுத்துப் போகாத பழைய பேஸ் டிரம். மாஸ்டரின் முதல் வார்த்தை:

"கதவ மூடுங்கடா! மேல கிழவி கத்துவா!"

ஃபுமியே அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சாக நினைத்து அவர் மூடிக்கொள்ளவில்லை. முப்பது வருடம் எங்களைத் திட்டித் திட்டி ஏறிய பழக்கம். கிழவி செத்துப் பல வருடங்கள் ஆன பிறகும், ஆள் இல்லாத கட்டடத்திலும், உள்ளே நுழைந்த கையோடு இரண்டு கதவையும் இழுத்து மூடியிருக்கிறார்.

வெளிச்சத்துக்குக் கூட்டி வந்தோம். சதோகோ-சான் வந்து சேர்ந்து, கைப்பையால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு காது மெஷினை எடுத்து அவர் காதில் செருகினார்.

"எதுக்கு இதைக் கழட்டி வச்சுட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"ரம்பம் அறுத்தா இது ஊளையிடுதுடா. நீ வித்த சரக்கு."

"ரம்பமா?"

அப்போதுதான் அவர் அக்குளைக் கவனித்தோம். மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த கிளப்பின் பெயர்ப்பலகை. இரண்டு துண்டாக.

"மாஸ்டர்! நகானோவுக்கு வேணுமே அது!" என்று அலறினாள் ஃபுமியே.

அவர் தரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை குனிந்த அதே குனிவு.

"அதுக்காகத்தான் அறுத்தேன். இது முழுசா இருந்தா நீங்க திறந்துடுவீங்க. திறந்தா நான் மறுபடி கவுன்டர்ல நிக்கணும்."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அத்தனை பேர் சுத்தி நின்னு அழறீங்க. நானும் சேர்ந்து அழுதேன். பொய்யா அழல. நல்ல இடம்தான் அது. ஆனா இப்ப காலையில எந்திரிச்சு மாடியில தக்காளிக்குத் தண்ணி ஊத்துறேன். யாரும் வாந்தி எடுக்கல. யாரும் பாத்ரூம்ல பாடல. ஒரு மாசமா நல்லாத் தூங்குறேன்டா. மன்னிச்சுக்குங்க."

ஃபுமியே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு.

"நான் மட்டும் ஆசைப்பட்டா செய்றேன்? விடியக்காலை அடுப்பு மூட்டி, அதுக்கப்புறம் ராத்திரி பேஸ் கிட்டாரைத் தூக்கி... இல்லேன்னா நீங்க மனசு உடைஞ்சு செத்துடுவீங்கன்னு இவன்தான் சொன்னான்."

"நானா? நீ விடமாட்டேன்னு நான் நினைச்சேன்!" என்றேன். "சம்மட்டி தூக்கினதுக்கே இடுப்பு போச்சு. மறுபடி டிரம்ஸா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. நகானோ இடத்துக்காரரிடம் நாளை போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் குனியலாம்.

இகராஷி தயங்கித் தயங்கி வந்தார். "பெரியவரே, ஆரம்பிக்கட்டுமா? எடுக்கறதுக்கு இன்னும் ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். பலகைத் துண்டுகளை அவரிடமே நீட்டினார். "இதையும் சேர்த்துக்குங்க."

ஃபுமியே கடையிலிருந்து பொட்டலங்கள் வரவழைத்தாள். எதிர்ப்பக்கத்து நடைபாதையில், தொழிலாளிகள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மாஸ்டர் பொரித்த கோழியைச் சோற்றோடு அமுக்கி விழுங்கினார். பாதாளத்தில் பசிக்கத்தான் செய்திருக்கிறது.

வெள்ளைத் துணிக்குப் பின்னால் மஞ்சள் இயந்திரம் கழுத்தை நிமிர்த்தியது. ஓங்கியது.

டம்.

நடைபாதை அதிர்ந்தது. தூசி எழுந்தது. மாஸ்டரின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

டம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பொட்டலத்தை மூடி, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டோம்.

"எங்க கிளம்பிட்டீங்க, பாதிச் சாப்பாட்டுல?" என்றார் சதோகோ-சான்.

"வீட்டுக்குத்தான்" என்றார் மாஸ்டர், சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபடி. "தக்காளிக்கு இன்னும் தண்ணி ஊத்தல."