அக்காவின் வீடு வந்த நாள்

அந்தக் கடலோரக் கால்வாயில் உல்லாசப் படகு நகர்வதில்லை. கிழக்குக் கரைதான் நகரும். டிரைவர் இன்ஜினைப் போட்டதும் படகு நின்ற இடத்திலேயே நிற்க, எதிர்க்கரை மெதுவாகக் கிளம்பி, கலங்கரை விளக்கம், மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம், ஐஸ் கம்பெனி என்று வரிசையாகப் பயணிகளுக்கு முன்னால் வந்து போகும். அதனால் படகின் பெஞ்சுகள் எல்லாம் கிழக்கு பார்த்தே போடப்பட்டிருந்தன. கிளம்பும்போது ஒரு குலுக்கல் உண்டு என்பதால் அந்தக் கரைக்காரர்கள் பத்தரை மணிக்கு அடுப்பில் பால் வைக்க மாட்டார்கள். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை. மாலைக்குள் ரிவர்ஸ் போட்டுக் கரையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார் டிரைவர். அந்த விஷயத்தில் ஆள் கறார்.

ஐஸ் கம்பெனிக்கு அடுத்த மூன்றாவது வீடு அவருடைய அக்காவுடையது. அது வருவதற்கு முன்பே ரிவர்ஸ் போட்டுவிடுவார். பதினோரு வருஷத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் அக்கா பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாள். கூடப் பிறந்தவனுக்குத் தபாலா என்று இவர் போகவில்லை. கல்யாணத்துக்கே வராதவன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அவளும் வரவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு. இப்போது டாக்டர், மாதக் கடைசியோடு அக்காவுக்குக் கண் பார்வை போய்விடும் என்று சொல்லிவிட்டார். டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் மனைவி சேதி சொன்னபோது டிரைவர் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று இருபத்தொன்பதாம் தேதி.

"அவங்க கண்ணு தெரியும்போதே ஒரு எட்டு போய் நின்னுட்டு வாங்க."

"நான் ஏன் போகணும்? வேணும்னா அவ வரட்டும்."

"அப்ப வரவைங்க. தினமும் அந்த வேலையைத்தானே பாக்குறீங்க?"

அன்று படகில் ஒன்பது பேர். அவசரமே இல்லாத கூட்டம். பிளாஸ்க் காபியும் கடலையுமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ஐஸ் கம்பெனி வந்தது, போனது. டிரைவர் ரிவர்ஸ் போடவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அக்காவின் வீடு படகுக்கு நேராக, கைநீட்டினால் எட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கண்ணை இடுக்கித் தம்பியை நெடுநேரம் பார்த்தாள்.

"தலையெல்லாம் நரைச்சுப்போச்சேடா. கடைசியில நீதான் வந்த, பாத்தியா."

"நான் எங்க வந்தேன்? இருந்த எடத்துலதான் இருக்கேன். நீதான் வீட்டோட வந்திருக்க."

"போடா. வீடு எங்கயாவது வருமா?"

இருவரும் அழுதுகொண்டே முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். பிளாஸ்க்காரர் அக்காவுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். அவளும் வாங்கிக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

டாக்டர் சொன்னபடியே மாதக் கடைசியில் பார்வை போயிற்று. அதன்பின் கரை தினமும் அவ்வளவு தூரம் வந்தது. படகுக் கம்பெனியும் அட்டவணையில் அங்கே பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டது. யார் வந்தது என்ற வழக்கு மட்டும் நாலு வருஷம் தீரவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, புதிதாகச் சர்வீஸ் செய்த இன்ஜின் கரையைச் சற்று வேகமாகவே இழுத்துவிட்டது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படகு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன் போலருக்கே, தம்பி."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"வாக்கா," என்றார்.